குறண்டி என்னும் பூர்வீகம்

சென்னையில் குடியேறித் தலைமுறைகள் கடந்த பின்னும், ஊர் எதுவென வினவினால் தமிழ்ச் சமணர் வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துச் சிற்றூரையே சொல்வர். இவ்வழக்கு மிகப் பழையது. பரளச்சி, அருப்புக்கோட்டை சார்ந்த வறண்ட நிலப்பகுதியில், வெண்புநாட்டுக் குறண்டியில், திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும்பள்ளி விளங்கிற்று. அப்பள்ளியைச் சார்ந்த முனிவரும் மாணாக்கரும் மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர்மலையில் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செய்வித்தனர். அங்கெல்லாம் தம் பெயருக்கு முன் குறண்டியையும் பொறித்தனர். அது பள்ளியின் மரபைச் சுட்டுவதே எனினும், இல்லம் துறந்தார்க்கும் ஊர்ப்பெயரைத் துறக்க மனம் வரவில்லை போலும்!

பள்ளி மறைந்தது. ஆயினும் அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில், முதற் குலோத்துங்கன் காலத்து 1118ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு, தீர்த்தங்கரர் திருமேனிகள் எஞ்சியுள்ளன. அவற்றை அம்பலசாமி எனப் பெயரிட்டு வணங்கிக் காத்து வருபவர் அவ்வூர் மக்கள், சமணர் அல்லர்.