விழிப்புலனற்றோரும் இசைக்கருவிகளும்

யாழ்ப்பாணம் என்னும் பெயருக்கு மரபு கூறும் காரணத்தை நேயர்கள் அறிவர். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, சோழநாட்டிலிருந்து வந்த யாழ்பாடி ஒருவன் அரசன் முன்னிலையில் யாழ் வாசித்து, மணற்றிடர் என்னும் நிலத்தைப் பரிசிலாகப் பெற்றான் என்று உரைக்கின்றது. அவன் இரு கண்ணும் இழந்தவன். இக்கதையை வரலாறாகக் கொள்ளலாமா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்துடையவரல்லர். கதையின் உண்மை எவ்வாறாயினும், அதனைப் பன்னெடுங்காலம் சொல்லிவந்த மக்களின் மனப்பாங்கு கருதத்தக்கது. கண்ணில்லாதவன் ஒரு நாட்டையே பரிசிலாகப் பெறுமளவுக்கு யாழ் வாசித்தான் என்பதை அவர்கள் வியப்புக்குரிய செயலாகக் கொண்டனர். நடவாத செயலென்று எவரும் கொள்ளவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. யாழின் நரம்பும், வீணையின் மெட்டும், குழலின் துளையும் விரலறியும் பொருள்கள். ஆசிரியர் பாடிக்காட்ட மாணவன் கேட்டுப் பாடுவதே பழைய பயிற்சிமுறை. புங்குடுதீவிலும் அயலிலுள்ள தீவுகளிலும் கோயில் திருவிழாக் காலத்தில் நாதசுரமும் தவிலும் முழங்கும்போது, எந்தக் கலைஞர் முன்னும் ஏடு விரிந்திருப்பதில்லை. செவியும் விரலும் நினைவும் உடையவனுக்கு அக்கலையின் வாயில் திறந்தே இருந்தது. அவ்வாயில் எப்போது சாத்தப்பட்டது, யாரால் மீண்டும் திறக்கப்பட்டது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

வாயிலைச் சாத்தியது பகைமையன்று. ஒரு நன்மையே அதனைச் சாத்தியது. இசை அழிந்துபோகாமற் காக்க விரும்பிய பெரியோர் அதனை எழுத்தில் வடித்தனர். 1904ஆம் ஆண்டிற் சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டார். 1917ஆம் ஆண்டில் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. வடபுலத்தில் 1931ஆம் ஆண்டு தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை, தரம் வகுத்துப் பரீட்சைகளை நடாத்தி இசைக்கல்வியை ஒழுங்குபடுத்தியது. ஆயிரக்கணக்கான மாணவர் இதனாற் பயனடைந்தனர். ஆயினும் இசைநூல் அச்சேறியபோது, அதனைத் தானே வாசிக்கமாட்டாத ஒரு மாணவனும் உருவானான். பாட்டில் அவன் எவர்க்கும் இளைத்தவனல்லன். பாடப்புத்தகத்தின் முன்னேதான் அவன் பிறர் கண்ணை நாடவேண்டியவனானான்.

மேலைநாட்டில் இந்நிலை முன்னதாகவே தோன்றிவிட்டது. அங்கே இசை நெடுங்காலமாகக் கோடுகளின்மேற் புள்ளியிட்டு எழுதப்பட்டு வந்தது. 1785ஆம் ஆண்டளவில் வலந்தீன் அவுயி என்பவர் பாரிசு நகரிற் பார்வையற்ற சிறுவர்க்கெனப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். தாளிற் புடைத்தெழும்பிய பெரிய எழுத்துகளை விரலால் தடவிப் படிப்பதே அங்குக் கைக்கொள்ளப்பட்ட முறை. நோக்கம் உயர்ந்தது, ஆனால் அவ்வெழுத்து கண்ணுக்காக அமைந்தது. விரல் அதன்மேல் ஊர்ந்து ஒவ்வோர் எழுத்தாய்க் கூட்டுவது பெருந்துன்பமாயிற்று.

அப்பாடசாலையில் 1819ஆம் ஆண்டு சேர்ந்த சிறுவனே லூயி பிறெயில். மூன்றாம் வயதிலே தந்தையாரின் தொழிற்கூடத்திற் கூரிய கருவியொன்று கண்ணிற்பட்டமையாற் பார்வையை இழந்தவர் அவர். சார்ள்ஸ் பார்பியே என்பார் வகுத்திருந்த பன்னிரு புள்ளி முறையை அறிந்து, அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். ஆறு புள்ளிகளும் ஒருங்கே ஒரு விரல் நுனிக்குள் அடங்கும். அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறிகள் கிடைக்கும். 1829ஆம் ஆண்டு, தமது இருபதாம் வயதில், இம்முறையை நூலாக வெளியிட்டார். சொற்களையும் இசையையும் தேவாலயக் கீதத்தையும் புள்ளிகளால் எழுதும் முறை என்பது அந்நூற் பெயரின் பொருள். பிறெயில் எழுத்தென்றாற் புத்தகம் படிப்பதற்கென்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது பிறந்தபோதே இசையோடு பிறந்தது. பிறெயில் தாமே தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த இசைஞர். தமக்கு வேண்டிய கருவியைத் தாமே சமைத்துக்கொண்டார்.

அம்முறையின் நுட்பம் எளிமையானது. ஆறு புள்ளிகளுள் மேலுள்ள நான்கும் சுரம் இன்னதென்பதைக் காட்டும். கீழுள்ள இரண்டும் அச்சுரம் எத்துணை நேரம் ஒலிக்கவேண்டும் என்பதைக் காட்டும். எந்தத் தாயியில் ஒலிக்கவேண்டும் என்பதை முன்னே இடும் வேறொரு குறி அறிவிக்கும். வாசிக்கும் கை இசைக்க இயலாதாதலால், மாணவன் சிறிது சிறிதாகத் தடவி வாசித்து மனனஞ் செய்தபின்னரே இசைப்பான்.

இத்துணைச் சிறந்த முறை உடனே ஏற்கப்படவில்லை. பார்வையுள்ள ஆசிரியர்க்கு அது அந்நியமாய்த் தோன்றியது. பிறெயில் 1852ஆம் ஆண்டு காலமானார். 1854ஆம் ஆண்டிலேதான் பிரான்சில் அதற்கு அரச ஏற்புக் கிடைத்தது. 1888ஆம் ஆண்டு கொலோன் நகரிற் கூடிய மாநாட்டில் இசைக்குறிகள் பற்றிப் பல நாட்டாரும் உடன்பாடு கண்டனர்.

இலங்கையில் 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனும் விழிப்புலனும் அற்ற பிள்ளைகளுக்கெனப் பாடசாலை நிறுவினார். பிற்காலத்தில் வடபுலத்திற் கைதடியில் நவீல்ட் பாடசாலை அத்தொண்டை ஏற்றது. புங்குடுதீவிலிருந்து ஒரு பிள்ளை அங்குச் செல்வதென்றால், வாணர் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியே பண்ணைத் தாம்போதியையும் கடந்து, யாழ் நகரையும் தாண்டவேண்டும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிறெயில் 1951ஆம் ஆண்டு அமைந்தபோது தமிழெழுத்தும் அதில் இடம்பெற்றது. தமிழிசையைப் பொறுத்தவரையில் இது பெரும்பேறு. நமது சுரங்கள் ச, ரி, க, ம என எழுத்துகளாலேயே எழுதப்படுவன. தமிழ்ப் பிறெயில் கற்ற மாணவன் சுரங்களை எழுத வேறொரு மொழியைக் கற்கவேண்டியதில்லை. தாயிக்கும் காலத்துக்கும் உரிய குறிகளே மிகையாக வேண்டப்படுவன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இசை மின்பொறிக்குள் புகுந்தது. அங்கே வாயில் திறந்ததும் உண்டு, சாத்தியதும் உண்டு. 1976ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் றே கேர்ஸ்வெயில் அச்சிட்ட நூலை உரக்க வாசிக்கும் பொறியொன்றை வெளியிட்டார். கண்பார்வையற்ற புகழ்பெற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் அதனை வாங்கிப் பயன்படுத்தினார். அவ்விருவரது நட்பின் பயனாக 1982ஆம் ஆண்டில் இசைப்பொறி செய்யும் நிறுவனம் ஒன்று தோன்றியது. மறு ஆண்டிலே, வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள வகைசெய்யும் மிடி என்னும் பொதுமுறையும் வெளிவந்தது. தனியொருவன் ஒரு பல்லியத்தையே ஆளக்கூடிய காலம் பிறந்தது.

ஆயின் தொடக்கத்தில் அக்கருவிகளில் இருந்த பொத்தான்களைக் காலப்போக்கிற் கண்ணாடித் திரை விழுங்கிற்று. பொத்தானை விரல் நினைவிற்கொள்ளும். வழுவழுப்பான திரையில் நினைவிற்கொள்ள யாதுமில்லை. கணினியிலும் இதுவே நேர்ந்தது. இசை மென்பொருளில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் வெறும் சித்திரங்களாயின. திரையில் உள்ளதை உரக்கச் சொல்லும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள், செய்தவர் பெயரிட்டுவைத்த உறுப்புகளையே அறியும். பெயரிடப்படாத பத்துப் பொத்தான்கள் இருப்பின், அது பத்து முறையும் பொத்தான் என்று மட்டுமே சொல்லும். ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரிடுவதும், சுட்டியின்றித் தட்டச்சுப் பலகையாலே இயக்க வகைசெய்வதும் தொடக்கத்திலேயே செய்தாற் சிறு வேலைகள். முடிந்தபின் செய்யப்புகின் அவையே பெருவேலையாகும்.

இம்முறையும் வாயிலைத் திறந்தோர் பெரும்பாலும் அதன் வெளியே நின்றோரே. பார்வையற்ற எக்காள இசைஞரான பில் மக்கான் 1992ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அச்சிசையைப் பிறெயில் இசையாக மாற்றும் மென்பொருளை உருவாக்கினார். அவுஸ்திரேலியாவிற் பார்வையற்ற மைக்கல் கரன் 2006ஆம் ஆண்டில் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவருடன் இணைந்த ஜேம்ஸ் டே என்பவரும் பார்வையற்றவரே. அம்மென்பொருள் இலவசமானது, தமிழையும் வாசிக்கவல்லது. றீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளைத் திரைவாசிப்பானோடு இணைக்கும் ஒசாரா என்னும் துணைப்பொறியும் ஜேம்ஸ் டே முன்னின்று ஆக்கியதே. இசையை எழுதுதற்குரிய மியூஸ்கோர் என்னும் இலவச மென்பொருளும் இன்று சுரங்களை வாய்விட்டுச் சொல்கிறது. வசதி குறைந்த மாணவனுக்கு இந்த இலவசம் பேருதவியாகும்.

கண்ணுக்குச் சொன்னது கைக்கும் பொருந்தும். முதலாம் உலகப்போரில் வலக்கையை இழந்த பியானோ இசைஞர் பவுல் விற்கென்ஸ்ரைன் தம் கலையைக் கைவிடவில்லை. இடக்கை ஒன்றினாலேயே வாசிக்கத்தக்க இசையைப் பெரும் இசைவாணரிடம் வேண்டிப் பெற்றார். பிரான்சு நாட்டு றவெல் அவருக்கென இயற்றிய இசை 1932ஆம் ஆண்டு வியன்னாவில் அரங்கேறியது. பின்னாளில், விரலால் எதனையும் தொடாமல், உடலின் சிறு அசைவினாலேயே ஒலியெழுப்பும் சவுண்ட்பீம் போன்ற கருவிகளும் தோன்றின. 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரிற் கண்ணையும் கையையும் இழந்தோர் பலர் வாழும் வடபுலத்துக்கு இவை தொலைநாட்டுக் கதைகளல்ல.

சட்டமும் இப்போது துணைநிற்கின்றது. இலங்கையில் வலுவிழந்தோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டு நிறைவேறியது. வாசிக்க இயலாதார்க்கெனப் படைப்புகளை வேறு வடிவிற் படியெடுக்க இடந்தரும் மராக்கேசு உடன்படிக்கை 2013ஆம் ஆண்டு உருவாயிற்று. அவ்வுடன்படிக்கை சொல்லோடு இசைக்குறிகளையும் தழுவியது. 2016ஆம் ஆண்டு இலங்கையும் அதிற் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டில் கிராமி விருது விழாவிலே, பிறெயிலிற் பொறித்த தாளைத் தடவி வெற்றியாளரின் பெயரை வாசித்த ஸ்டீவி வொண்டர், எல்லாப் பொருளும் உடற்குறையுடைய எல்லார்க்கும் பயன்படுமாறு ஆக்கப்படவேண்டும் என்று உலகறிய வற்புறுத்தினார்.

எனினும் சட்டம் ஏட்டில் நிற்கும். பொத்தான் கருவியில் இருக்கவேண்டும். 1991ஆம் ஆண்டு புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவ்வூரார் பலர் இன்று பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் வாழ்கின்றனர். பிறந்த ஊர்ப் பாடசாலைக்கு இசைக்கருவியொன்றை அன்பளிக்க எண்ணுவோர், விலையையும் ஓசையையும் பார்ப்பதோடு மேலும் இரண்டைக் கேட்டறிதல் நன்று. அதன் பொத்தான்கள் விரலுக்குத் தெரிவனவா? அதனோடு வரும் மென்பொருள் திரைவாசிப்பானுக்குச் செவிசாய்க்குமா? பரீட்சை நடாத்துவோரும், பிறெயிலில் அல்லது பேசும் கணினியில் விடையெழுத இடமளித்தல் தகும். இவற்றைத் தீர்மானிக்கும்போது, பார்வையுள்ளோர் தாமே கூடி முடிவுசெய்யாது, பார்வையற்ற ஒரு மாணவனை அழைத்துக் கருவியை அவன் கையிற் கொடுத்துப் பார்க்கவேண்டும். எது தடை, எது வழி என்பதை அவன் விரல் கால்மணி நேரத்திற் சொல்லிவிடும்.