சம்பளம் கம்மி... ஆனாலும் விண்ணப்பம் நிராகரிப்பு! உரிமைத் தொகைக்கு 'தகுதி' பார்ப்பது எப்படி?

"கூலி வேலைதான் பார்க்குறோம், எங்களுக்கு ஏன் ரூ.1,000 வரலை?" - கலைஞர் மகளிர் உரிமைத் தொகை திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியதில் இருந்தே கேட்கும் கேள்வி இது. சுமார் 1.63 கோடி பேர் விண்ணப்பித்ததில், முதலில் தேர்வானது சுமார் 1.06 கோடி பேர். மற்றவர்கள் எப்படி விடுபட்டார்கள்? திட்டம் தொடங்கியபோது வெளியான விதிகளின்படி பார்ப்போம்.

தகுதிச் சோதனை என்றால் என்ன?

ஒரு குடும்பத்தின் வருமானம், சொத்தை அளந்து பார்த்து உதவி கொடுப்பதுதான் தகுதிச் சோதனை. மகளிருக்கான இலவச நகரப் பேருந்து பயணத்தில் இது கிடையாது. யார் ஏறினாலும் டிக்கெட் இலவசம். உரிமைத் தொகை அப்படி இல்லை.

வரம்பு என்ன?

* வயது 21 நிரம்பியிருக்க வேண்டும்
* குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள்
* நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள்
* வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள்

யாருக்கு கிடையாது?

கார், ஜீப், டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர்கள், வருமான வரி கட்டுபவர்கள், அரசு ஊழியர்கள், ஆண்டுக்கு ரூ.50 லட்சத்துக்கு மேல் விற்பனை செய்து ஜிஎஸ்டி கட்டும் தொழில் நடத்துபவர்கள் ஆகியோரின் குடும்பங்களுக்கு கிடையாது. முதியோர் ஓய்வூதியம், விதவை ஓய்வூதியம் வாங்கும் பெண்களும் பட்டியலில் வராது. கடுமையான பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகள் இருக்கும் குடும்பத்துக்கு இதில் விலக்கு உண்டு.

சிக்கல் எங்கே?

விண்ணப்பத்துடன் வருமானச் சான்று கேட்கப்படவில்லை. கூலி வேலை, சிறு வியாபாரம் செய்பவர்களிடம் சம்பள ரசீது ஏது? அதனால் வருமானத்துக்குப் பதிலாக அரசு பதிவேடுகளில் இருக்கும் அடையாளங்களை வைத்து முடிவு எடுக்கப்படுகிறது. கரண்ட் பில், வண்டி பதிவு, நிலம், வரிக் கணக்கு இதெல்லாம்தான் அந்த அடையாளங்கள்.

இங்கேதான் தவறு நடக்க வாய்ப்பு. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் யூனிட் கூடும். விற்ற கார் பெயர் மாறாமல் இருந்தால், பதிவேட்டில் பழைய உரிமையாளர்தான் 'கார் ஓனர்'.

இன்னொன்று, 'குடும்பம்' என்பது ரேஷன் கார்டில் பெயர் உள்ள எல்லோரும்தான். மகன் தனியாக வாழ்ந்தாலும், பெயர் அதே கார்டில் இருந்தால் அவர் கார் அம்மாவின் விண்ணப்பத்தைப் பாதிக்கும்.

விதி தளர்ந்தால் வசதியானவர்களும் உள்ளே வருவார்கள். இறுக்கினால் ஏழைகள் வெளியே நிற்பார்கள். தகுதிச் சோதனை வைக்கும் எந்தத் திட்டத்திலும் இந்த இழுபறி உண்டு.

நிராகரித்தால் என்ன வழி?

நிராகரிப்பு எஸ்எம்எஸ் வந்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் மூலம் மேல்முறையீடு செய்யலாம் என்பது விதி. அதை விசாரிப்பவர் வருவாய் கோட்டாட்சியர். அவரும் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"நாங்க ஏழைதான்" என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தப் பதிவால் விண்ணப்பம் நின்றது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி என்றால் பெயர் மாற்றிய ஆவணம், மின்சாரம் என்றால் மீட்டர் விவரம் என அந்தப் பதிவுக்கான ஆதாரத்தைக் கொடுப்பதுதான் பலன் தரும்.