மாதாவின் முகத்துக்கு என்ன நிறம்?

நமது ஆலயத்தின் ஜூபிலி விழாவை முன்னிட்டுப் பீடத்திலுள்ள தேவமாதா சுரூபத்துக்குப் புது வர்ணம் பூச வந்த தொழிலாளி, "முகத்துக்கு என்ன நிறம் போடட்டும்?" என்று கேட்டார். "இதிலென்ன கேள்வி? இருந்தபடியே ரோஸ்தான்" என்று விழாக் குழுவினராகிய நாங்கள் உடனே சொன்னோம். பக்கத்தில் ஜெபமாலையோடு நின்ற பாட்டி ஒருவர், "பின்னே, மாதா என்ன நம்மைப் போலக் கறுப்பாகவா இருப்பார்கள்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எங்களை விடவில்லை. கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மரியாள் வேடத்துக்கு ஆண்டுதோறும் சிவந்த பெண்பிள்ளையையே தேடிப் பிடித்து வந்திருக்கிறோம். கறுத்த பிள்ளைகளுக்குக் கிடைத்ததெல்லாம் ஏரோதின் சேவகர் வேடம். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆயினும் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஆண்டவரின் நிறத்தைப் பற்றி நான்கு நற்செய்திகளும் ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் பாலஸ்தீன நாட்டு யூதர்; அன்னையும் அந்நாட்டுப் பெண். சிரியாவில் தூரா யூரோப்போஸ் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ கி.பி. 240-ஆம் ஆண்டைச் சேர்ந்த வழிபாட்டு இல்லத்தின் சுவரோவியத்தில் கிறிஸ்து தாடியற்ற இளைஞராகக் காணப்படுகிறார். ஐரோப்பியர்தாமும் எக்காலத்தும் வெள்ளை முகத்தையே செய்து கொண்டிருக்கவில்லை. ஜெர்மனியில் மாக்டெபர்க் பேராலயத்திலுள்ள வேதசாட்சி புனித மொரீசின் சிலை, 1240-ஆம் ஆண்டையொட்டி, அச்சு அசலாக ஓர் ஆப்பிரிக்க வீரனின் முகத்துடன் செதுக்கப்பட்டது. ஆனால், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே ஊரில் 354-ல் பிறந்த புனித அகுஸ்தீனாரை நாம் படங்களில் பார்ப்பது பெரும்பாலும் ஓர் இத்தாலிய ஆயராகத்தான்!

நமக்கு இந்த முகம் கப்பலேறி வந்தது. வேதமும் வியாபாரமும் ஆட்சியும் ஒரே துறைமுகத்தில் இறங்கியபடியால், ஆள்பவரின் நிறமே அர்ச்சியசிஷ்டவர்களின் நிறம் என்று நம் முன்னோர் எண்ணத் தலைப்பட்டனர். பிற்காலத்தில் அச்சுப் படங்கள் வந்து அந்த எண்ணத்தை வீட்டுக்கு வீடு ஆணியடித்து மாட்டின. படத்தில் மட்டுமா இப்படி? புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-ல். தமிழராகிய திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை தூத்துக்குடி ஆயராக அபிஷேகம் பெற்றது 1923-ல். இடையே 381 ஆண்டுகள்.

இதைச் சொல்வதால் அந்நிய குருக்கள் அனைவரையும் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். இத்தாலியில் 1680-ல் பிறந்த வீரமாமுனிவர், விருத்தாசலத்தையடுத்த கோணான்குப்பத்தில் அன்னைக்கு ஆலயம் எழுப்பி, 'பெரியநாயகி' என்று நம் மண்ணின் பெயரையே சூட்டினார். அங்குள்ள சுரூபம் தமிழ்ப் பெண்ணின் உடையில் அமைந்தது. அது மணிலாவில் செய்விக்கப்பட்டுக் கடல் கடந்து வந்ததென்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே வழியில் நடந்த நம் நாட்டவர் ஒருவருக்கு நேர்ந்ததுதான் நம்மை வருத்துகிறது. கோவாவில் 1902-ல் பிறந்த ஆஞ்சலோ ட ஃபொன்சேகா, மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு ஓவியம் பயின்று, சாந்திநிகேதனம் சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் மாணவராயிருந்தவர். ஊர் திரும்பியதும் தேவதாயைச் சேலையுடுத்திய மாநிறப் பெண்ணாகத் தீட்டினார். கோவா அப்போது போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. 1961 வரையில் அப்படியே இருந்தது. ஓவியத்தைக் கண்டு கொதித்தவர்களோ ஆட்சியாளர் மட்டுமல்லர், அவருடைய சொந்த இனத்துக் கத்தோலிக்கரும்தாம். அவர் பூனாவுக்குச் சென்று, ஆங்கிலிக்கன் சபையாரின் ஆசிரமம் ஒன்றில் இடம்பெற்று, அங்கிருந்தே நூற்றுக்கணக்கில் வரைந்தார். அவருக்கு ஊக்கமளித்தவர்களுள் ஒருவர் பம்பாயிலிருந்த ஸ்பானிய சேசு சபைக் குருவும் வரலாற்றறிஞருமான ஹேராஸ் சுவாமி. வெள்ளைக்காரர் வரவேற்றதை நம்மவர் வெறுத்த விந்தையை என்னென்பது!

எந்தக் கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் திருவழிபாட்டுச் சட்டத்தின் 123-ஆம் எண்ணில் அறிவித்தது 1963 டிசம்பரில். அதன்பின் நான்கு ஆண்டுகளில், 1967-ல், ஃபொன்சேகா காலமானார்.

எங்கள் குழுவில் இதைப்பற்றி இரண்டு மாலைகள் பேசினோம். பீடத்துச் சுரூபத்தின் முன் மூன்று தலைமுறைகள் முழந்தாளிட்டு அழுதிருக்கின்றன. அந்த முகத்தை மாற்ற எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பழைய ரோஸ் நிறமே பூசப்பட்டது. ஆனால் இவ்வாண்டுக் குடிலுக்கான மாதா, சூசையப்பர், பாலன் சுரூபங்களைச் செய்துதர ஊர் வேளாரிடம் முன்பணம் கொடுத்திருக்கிறோம். சுட்ட பிறகு வர்ணம் எதுவும் பூச வேண்டாம், மண்ணின் நிறத்திலேயே இருக்கட்டும் என்றோம். நாடகத்துக்கு மரியாள் வேடம் யாருக்கு என்பதை இம்முறை பிள்ளைகளே சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். அந்தப் பாட்டியின் பேத்தியும் பெயர் கொடுத்திருக்கிறாள்.