நேசன் என்றொரு பத்திரிகை

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி எழுதிய முதற் கவிதையை யாரோ வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அரை மணித்தியாலத்துக்குள் ஐம்பது ‘மாஷா அல்லாஹ்’ வந்து விழுந்தன. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பூக்கள் வந்தன. நானும் ஒன்று போட்டேன். மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவள் வந்து, “சேர், மூன்றாவது வரி சரியா?” என்று கேட்டாள். அத்தனை பேரில் ஒருவரும் அவளுக்கு அதைப்பற்றி எழுதியிருக்கவில்லை. நானும்தான்.

முகம் பாராமல் ஒருவரையொருவர் தூக்கிவிடுகின்ற நட்பு நமது சமூகத்துக்குப் புதிதல்ல. 1882 டிசம்பரில் அறிஞர் சித்திலெப்பை கண்டியில் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கியபோது அதற்கு ‘முஸ்லிம் நேசன்’ எனப் பெயரிட்டார். ஆசான் என்றோ தூதன் என்றோ வைத்திருக்கலாம். நேசன் என்றே வைத்தார். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு தொடங்கிய வார ஏட்டின் பெயரும் ‘சிங்கை நேசன்’தான். தபாலில் வந்து கதவைத் தட்டிய நேசர்கள் இவர்கள்.

ஆனால் சித்திலெப்பையின் நேசன் தன் வாசகரைப் புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. ஆங்கிலக் கல்வி என்றால் மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் பள்ளிக்கூடம் என்றால் மதமாற்றம் என்று நம் முன்னோர் அஞ்சிய காலம் அது. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. என்றாலும், படிப்பை விட்டால் நாம் பின்தங்கிப்போவோம் என்பதை அவர் ஒளிக்காமல் எழுதினார். கேட்டவர்களுக்குக் கசந்தது. கசப்பைச் சொன்னவர் அத்தோடு நின்றுவிடாமல் பள்ளிக்கூடம் கட்டவும் புறப்பட்டார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கு அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு அவருடைய சகோதரியே துணை நின்றார்.

பத்திரிகை தொடங்கிச் சில வாரங்களில், 1883 ஜனவரியில், எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பு வந்திறங்கினார். பதவி போயிற்று, நாடும் போயிற்று. அப்படிப்பட்டவர் சித்திலெப்பையின் கல்வி முயற்சிக்குப் பக்கபலமானார். (1885இல் சித்திலெப்பை எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ நாவலின் நாயகன் ஓர் எகிப்தியப் பிள்ளை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு மத்ரஸா திறந்தார்கள். அது நிலைக்கவில்லை.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. திறப்பு விழாவுக்கு வாழ்த்து வரும். மூடிய கதவுக்கு முன்னால் யார் வந்து நிற்பார்கள்? இவர்கள் நின்றார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1892 ஆகஸ்டில், மருதானைப் பள்ளிவாசல் வளவில் மீண்டும் ஒரு மத்ரஸா எழுந்தது. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் அதற்குத் தோள் கொடுத்தார். ஒராபி பாஷாவும் உடனிருந்தார். இன்றைய ஸாஹிறாக் கல்லூரி அதுதான்.

அது பெருங்கல்லூரியாக வளர்ந்ததைச் சித்திலெப்பை காணவில்லை. 1898இல் அவர் வபாத்தானார். ஒராபி பாஷா 1901இல் எகிப்து திரும்பினார். ரீ.பி. ஜாயா அதிபராக வந்ததும் கல்லூரி நாடறிந்ததும் 1921இற்குப் பிறகு. இடைப்பட்ட அத்தனை வருடங்களும் அதை யாரோ ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு ‘மாஷா அல்லாஹ்’ சொன்னவர்கள் எத்தனை பேரோ!

பிள்ளையின் கவிதைக்கு வருகிறேன். மூன்றாவது வரியில் ‘வாவி’ இரண்டு தடவை வந்திருந்தது. ஒன்றை எடுத்துவிடு என்றேன். “எதை சேர்?” என்றாள். கரும்பலகையில் எழுதி இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தோம். முதலாவதை அவளே அழித்தாள்.