ஒரே நிரல், இரண்டு கணினிகள்

வானூரில் மாணவிகளுக்கு நிரலெழுதக் கற்றுத்தருகிறேன். ஒருத்தியின் கணினியில் ஓடும் சி++ நிரல் இன்னொருத்தியிடம் பிழை காட்டும். அவளுடைய கம்பைலர் பழையது. லைப்ரரி கேட்பதோ சி++17 தரம். ‘எனக்கு வராது மிஸ்’ என்பாள். அவளிடம் சொல்ல ஒரு வரலாறு உண்டு.

1959இல் கோபோல் மொழியை வகுத்த குழுவில் ஜீன் சாமெட், கெர்ட்ரூட் டியர்னி இருந்தார்கள். 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரல், சிறு மாற்றங்களோடு, ஆர்சிஏ, யூனிவாக் என இரு நிறுவனக் கணினிகளிலும் ஓடியது. அந்தச் ‘சிறு மாற்றங்கள்’தான் தலைவலி. 1968இல் அமெரிக்கத் தரம் வந்த பிறகும் கம்பைலருக்குக் கம்பைலர் வேறுபட்டது. 1967இல் கடற்படை திரும்ப அழைத்த கிரேஸ் ஹாப்பரின் குழு, கம்பைலர்களையே சோதிக்கும் நிரல்களை எழுதியது. கண்டுபிடித்த ஆண்களைத் ‘தந்தை’ என்பவர்கள் ஹாப்பரைக் கோபோலின் ‘பாட்டி’ என்றார்கள். பட்டம் கிடக்கட்டும், விற்பவர் சொல்லை நம்பாமல் ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிப் பார்த்த அந்த வேலையைத்தான் நான் பாடமாக நடத்துகிறேன்.