மிடறும் இசைக்குழுவும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணத்தைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. அரங்கில் ஒரு கருவியின் வழியே மற்றொரு கருவி ஒழுகிய முறையையும் காட்டுகிறது. இக்காலத்து ராக் இசைக்குழுவிலோ கித்தாரும் முரசும் பெரும்பாலும் முதற்பாடகரின் மிடற்றையே பின்பற்றுகின்றன. கருவியாளர் மாறினும் குழு நிற்கும். மிடறு மாறின் கேட்போர், ‘இஃது அக்குழுவன்று’ என்பர். இதற்குத் தக்க சான்று மலேசியத் தமிழர் வரலாற்றிலேயே உண்டு.

1960-களின் இறுதியில் பினாங்கில் தோன்றியது ‘ஆலிகேட்ஸ்’ குழு. அதன் முதற்பாடகர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் இருவர். 1970-களில் ஹாங்காங்கில் பாடித் தேர்ந்த இக்குழு, பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழெய்தியது. குடைபோல் விரிந்த சுருள்முடி அவ்விருவரின் அடையாளமாயிற்று. ஆயின், முடி கண்ணுக்கே அடையாளம். வானொலிக்கு அஃது எட்டாது. ஆங்கே அவர்களைக் காட்டிக்கொடுத்தது குரலே. தலைநகரைப் புன்னகைக்க அழைக்கும் ‘செஞூம்லா கோலாலம்பூர்’ என்னும் மலாய்ப் பாடலும் இத்தமிழ் உடன்பிறந்தாரின் குழு அளித்ததேயாம்.

குரல் ஒன்றே வென்றது எனக் கொள்ளுதல் பிழை. எம். நாசிர் போன்ற இசையமைப்பாளரின் மெட்டு இன்றேல், அக்குரலுக்கு ஏறி நிற்க மேடை இராது. எனினும், மெட்டைப் பிறரும் பாடலாம். மிடற்றை இரவல் வாங்க இயலாது.

2007 ஜூன் 4-இல் லோகநாதன் நுரையீரற் புற்றுநோயால் மறைந்தார். ‘நான் முன்னே சென்றுவிட்டால்’ எனப் பொருள்படும் தலைப்புடைய பாடலும் அக்குழுவின் பாடல்களுள் ஒன்று என்பது நெஞ்சை உருக்குவது. ஆயினும் குழு கலையவில்லை. தமையனார் குரல் எஞ்சியிருந்தது. மேலைநாட்டுக் ‘குயின்’ குழுவின் நிலை வேறு. சான்சிபாரில் பிறந்த பார்சி மரபினரான பிரெடி மெர்குரி 1991-இல் மறைந்தபின், வேறொரு முதற்பாடகரோடு அக்குழு சுற்றுப்பயணம் செல்ல 2005 வரை ஆயிற்று. ஒற்றை மிடற்றைச் சார்ந்த புகழின் வலிமையும் மெலிவும் இதனாற் புலனாகும்.

அடுத்த தலைமுறையில், கோலாலம்பூரில் எழுந்த ‘பொயட்டிக் அம்மோ’ என்னும் சொல்லிசைக் குழு 1998-இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. அதன் உறுப்பினர் யோகி பி, ‘நட்சத்திரா’ குழுவினருடன் 2006-இல் ‘வல்லவன்’ என்னும் தமிழ்த் தொகுப்பை அளித்தார். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இளைஞர் நாளும் பேசும் மொழியே புதிய தாளத்துக்கும் போதும் என்பதை அது மெய்ப்பித்தது. 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்தின் வாயிலாக அக்குரல் தமிழகத் திரையையும் எட்டியது.

ஆறுமுகம் உடன்பிறந்தார் தமிழ் மிடற்றைப் பிறமொழிக்கு ஈந்தனர். யோகி பி பிறநாட்டுத் தாளத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தார். முன்னவரைத் தமிழர் வரலாறு மறத்தலும் ஆகாது. பின்னவர்க்கு அரங்கு மறுத்தலும் ஆகாது.