பதவி மாறியும் மூடாத விரிதாள்: பகிர்வை நிறுத்துவது எப்படி?

ஜார்ஜ்டவுன்: ஆண்டுக் கூட்டம் முடிந்து புதிய செயலவை பொறுப்பேற்றதும், வங்கிக் காசோலையில் கையெழுத்திடுவோரின் பெயர்கள் மாறுகின்றன. அலமாரிச் சாவி, ரசீதுப் புத்தகம், முத்திரை எல்லாம் கைமாறுகின்றன. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும். அதையும் செயலாளர் மறப்பதில்லை.

மறந்துபோவது ஒன்றுதான். உறுப்பினர்களின் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், வீட்டு முகவரி, நன்கொடைத் தொகை எல்லாம் அடங்கிய இணைய விரிதாள், பழைய ஆட்களின் கைப்பேசிகளில் அப்படியே திறந்து கிடக்கிறது.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், முன்னாள் மாணவர் அமைப்புகள், ஆலய நிர்வாகங்கள், தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் இளைஞர் குழுக்கள், தோட்டப்புற மரணச் சகாய சங்கங்கள் என எந்த அமைப்பானாலும், இப்படி ஒரு பட்டியலைக் கூகுள் ஷீட்ஸிலோ எக்செலிலோ வைத்திருந்தால் இந்த வேலை அதற்கும் உண்டு. கணினி நிபுணர் தேவையில்லை. பத்து நிமிடமும் ஒரு கைப்பேசியும் போதும்.

பட்டியலில் என்ன இருக்கிறது?

வெறும் பெயரும் எண்ணும்தானே என்று நினைப்பவர்கள் தங்கள் அடையாள அட்டையை ஒரு முறை பார்க்கலாம். அதிலுள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. பினாங்கில் பிறந்தவர்களுக்கு அது பெரும்பாலும் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அந்த ஓர் எண்ணே ஒருவரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிடுகிறது.

அதோடு கைப்பேசி எண்ணும், பிள்ளை படிக்கும் பள்ளியும், போன ஆண்டு கொடுத்த நன்கொடையும் ஒரே வரிசையில் இருந்தால் மோசடிக்காரனுக்கு வேறு எதுவும் வேண்டாம். "அம்மா, போன வருசம் அன்னதானத்துக்கு 200 வெள்ளி கொடுத்தீங்களே" என்று தொடங்கும் அழைப்பைச் சந்தேகிப்பவர்கள் குறைவு.

நான்கு வகை ஆட்கள்

2006ஆம் ஆண்டு அறிமுகமான கூகுள் விரிதாளில் ஒவ்வொருவருக்கும் ஓர் அனுமதி உண்டு. கோப்பை உருவாக்கியவர் உரிமையாளர். 'எடிட்டர்' திருத்தலாம். 'கமெண்டர்' கருத்து மட்டும் எழுதலாம். 'வியூவர்' பார்க்க மட்டுமே முடியும். உரிமையாளர் விட்டுவைத்திருந்தால் எடிட்டரும் புதியவர்களைச் சேர்க்கலாம், மற்றவர்களை நீக்கலாம். உரிமையாளரை மட்டும் யாராலும் நீக்க முடியாது. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

முதல் வேலை: ஆளை நீக்குவது

கணினியில் கோப்பைத் திறந்து, வலப்பக்க மேல் மூலையில் உள்ள 'ஷேர்' பொத்தானை அழுத்த வேண்டும். யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் தோன்றும். நீக்க வேண்டியவரின் பெயருக்கு எதிரே உள்ள 'எடிட்டர்' அல்லது 'வியூவர்' என்ற சொல்லை அழுத்தினால் சிறு பட்டியல் விரியும். அதில் 'ரிமூவ் அக்செஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'சேவ்' என்பதை அழுத்த வேண்டும். 'சேவ்' அழுத்தாமல் மூடிவிட்டால் எதுவும் மாறாது.

கைப்பேசியில் ஷீட்ஸ் அல்லது டிரைவ் செயலியைத் திறந்து, கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, 'மேனேஜ் அக்செஸ்' பகுதிக்குள் போனால் அதே பட்டியல் கிடைக்கும்.

இரண்டாவது வேலை: இணைப்பை மூடுவது

பலர் முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் மிஞ்சுகிறது. அதே பெட்டியின் கீழே 'ஜெனரல் அக்செஸ்' என்ற பகுதி இருக்கிறது. அங்கே 'எனிவன் வித் தி லிங்க்' என்று இருந்தால், இணைப்பு கையில் உள்ள எவரும் கோப்பைத் திறக்கலாம். பெயர் நீக்கப்பட்டவரும் திறக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் எப்போதோ போட்ட இணைப்பு, யார் யாருக்கு அனுப்பப்பட்டதோ அவர்கள் எல்லாரும் திறக்கலாம்.

இதை 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்ற வேண்டும். மாற்றியதும் பழைய இணைப்பு, பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே வேலை செய்யும். மற்றவர்களுக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும்.

அதே பெட்டியில் பற்சக்கரக் குறியை அழுத்தினால் இன்னொரு பாதுகாப்பு உண்டு. எடிட்டர்கள் பிறருக்குப் பகிரலாம் என்ற அனுமதியில் உள்ள குறியை அங்கே எடுத்துவிடலாம். அதன் பிறகு புதிய ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் உரிமையாளரின் கையில் மட்டுமே இருக்கும்.

மூடியும் திறந்திருக்கும் மூன்று வாசல்கள்

இவ்வளவும் செய்த பிறகும் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று.

ஒன்று, கோப்புறை. 'தைப்பூசம்' என்ற கோப்புறையே பகிரப்பட்டிருந்தால், அதற்குள் உள்ள விரிதாள் அந்த அனுமதியைத் தானாகவே பெற்றிருக்கும். கோப்புறையிலும் ஆளை நீக்க வேண்டும், அல்லது விரிதாளைப் பகிராத இடத்திற்கு நகர்த்த வேண்டும்.

இரண்டு, வெளியீடு. 'ஃபைல்' பட்டியலில் 'ஷேர்' என்பதற்குள் 'பப்ளிஷ் டு வெப்' என்று ஒன்று உண்டு. திருவிழா உபயப் பட்டியலை இணையப் பக்கத்தில் காட்ட யாராவது அதைப் பயன்படுத்தியிருந்தால், அங்கே போய் 'ஸ்டாப் பப்ளிஷிங்' என்பதைத் தனியாக அழுத்த வேண்டும்.

மூன்று, படிவம். கூகுள் படிவம் வழியாகப் பதிவு நடந்திருந்தால், படிவத்திற்கென்று தனி எடிட்டர்கள் இருப்பார்கள். விரிதாளில் நீக்கப்பட்டாலும், படிவத்திற்குள் போய் அதே பதில்களை அவர்களால் படிக்க முடியும். அங்கேயும் பெயரை நீக்க வேண்டும். பதிவு முடிந்திருந்தால் பதில் பெறுவதையும் நிறுத்திவிடலாம்.

கோப்பு யாருடையது?

அமைப்புகளில் அதிகம் இடறும் இடம் இது. விரிதாள் முன்னாள் செயலாளரின் சொந்த ஜிமெயில் கணக்கில் உருவாகியிருந்தால், அவர்தான் உரிமையாளர். புதிய செயலவையால் அவரை நீக்க முடியாது. அவர் அதை அழித்தால் பத்தாண்டுப் பதிவும் போய்விடும்.

அவர் ஒத்துழைத்தால் வழி எளிது. 'ஷேர்' பெட்டியில் புதிய பொறுப்பாளரின் பெயருக்கு எதிரே 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அழைப்பு போகும். புதியவர் ஏற்றுக்கொண்டதும் உரிமை மாறும். அப்போதும் பழைய உரிமையாளர் எடிட்டராகத் தொடர்வார் என்பதால், பிறகு அவர் பெயரையும் நீக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகளில் இன்னொரு சிக்கல் வரும். ஆசிரியர் ஒருவர் கல்வி அமைச்சின் டெலிமா கணக்கில் கோப்பைத் தொடங்கியிருந்தால், அதன் உரிமையை வெளியில் உள்ள சொந்த ஜிமெயிலுக்கு மாற்ற இயலாது. அப்போது சங்கத்தின் கணக்கிலிருந்து 'மேக் எ காபி' வழியாகப் புதிய பிரதி எடுக்க வேண்டும். பழைய ஆட்களோடும் பகிரட்டுமா என்று கேட்கும் கட்டத்தில் குறி போடக்கூடாது. பழைய திருத்த வரலாறு பிரதியில் வராது. பிரதி சரியாக இருப்பதை உறுதி செய்த பின்னர் அந்த ஆசிரியரிடம் மூலக் கோப்பை அழிக்கச் சொல்லலாம்.

நிரந்தரத் தீர்வு, சங்கத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, எல்லாக் கோப்புகளையும் அதற்கு உரிமையாக்குவதுதான். ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் கடவுச்சொல்லையும் மீட்புக் கைப்பேசி எண்ணையும் மாற்றினால் போதும்.

எக்செல் பயன்படுத்துவோருக்கு

ஒன்டிரைவில் வைத்திருக்கும் எக்செல் கோப்பிற்கும் முறை ஏறக்குறைய இதுவே. கோப்பைத் தேர்ந்தெடுத்து 'மேனேஜ் அக்செஸ்' பகுதிக்குப் போனால் ஆட்களின் பெயர்களும் இணைப்புகளும் தனித்தனியாகத் தெரியும். ஆட்களை நீக்குவதோடு, இணைப்புகளையும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில் மூட அங்கேயே 'ஸ்டாப் ஷேரிங்' உண்டு.

மறைத்தால் போதாது

அடையாள அட்டை எண் உள்ள தாளை 'ஹைட்' செய்துவிட்டால் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கேட்ட ஒருவருக்கு எக்செல் கோப்பு ஒன்றைப் பதிலாகக் கொடுத்தது. அதில் மறைந்திருந்த ஒரு தாளில், பணியில் இருந்த 9,483 பேரின் குடும்பப் பெயர், பதவி முதலிய விவரங்கள் இருந்தன. அவை இணையத்தில் வெளியாயின. அடுத்த ஆண்டு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்தத் துறைக்கு 750,000 பவுண்டு அபராதம் விதித்தது.

கூகுள் விரிதாளிலும் அப்படித்தான். மறைத்த தாளைப் பிரதி எடுப்பவர் மீண்டும் திறந்து பார்க்க முடியும். ஆகவே அனைவரும் பார்க்க வேண்டிய பணி அட்டவணை ஒரு கோப்பிலும், அடையாள அட்டை எண், வங்கி விவரம் ஆகியவை வேறொரு கோப்பிலும் இருப்பதே பாதுகாப்பு.

திரும்பப் பெற முடியாதது

பகிர்வை நிறுத்துவது இனிமேல் திறப்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பதிவிறக்கம் செய்த கோப்பு, எடுத்த பிரதி, திரைப்படம் பிடித்த பக்கம் எதுவும் திரும்பி வராது. வாட்ஸ்அப்பில் கோப்பாகவே அனுப்பியிருந்தால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி இருக்கும். கோப்பைக் குப்பைத் தொட்டியில் போடுவதும் பகிர்வை நிறுத்துவது ஆகாது. அது நிரந்தரமாக அழிக்கப்படும் வரை மற்றவர்கள் திறக்க வாய்ப்புண்டு. எனவே முதலில் பகிர்வை மூடிவிட்டு, அதன் பிறகே அழிக்க வேண்டும்.

மனம் நோகாமல் சொல்வது

பல அமைப்புகளில் இந்த வேலை தள்ளிப்போவதற்குத் தொழில்நுட்பம் காரணமல்ல. இருபது ஆண்டு உழைத்த பெரியவரை 'நீக்கிவிட்டார்கள்' என்ற பேச்சு வருமே என்ற தயக்கம்தான். சொல்லாமல் நீக்கினால், அடுத்த முறை திறக்கும்போது அனுமதி இல்லை என்ற பக்கத்தைத்தான் அவர் பார்ப்பார். அதுதான் மனத்தாங்கலாக மாறுகிறது.

ஒருவரை மட்டும் குறிவைக்காமல், பதவி முடிந்த அனைவரையும் ஒரே நாளில் நீக்குவதும், இரண்டு மூன்று நாள் முன்பே தெரிவிப்பதும் நல்லது. செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அண்ணே. புதிய செயலவை பொறுப்பேற்றுவிட்டதால், உறுப்பினர் பட்டியலில் பழைய செயலவையினர் அனைவரின் அனுமதியையும் வரும் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறோம். உங்களுக்குத் தேவையான கணக்கு விவரம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள், எடுத்துத் தருகிறோம். இத்தனை ஆண்டு செய்த சேவைக்கு நன்றி."

பொறுப்பு விட்டுப் போகிறவரே "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று முன்வந்து சொல்வது இன்னும் சிறப்பு. நாளை பட்டியல் எங்கேனும் கசிந்தால் சந்தேகம் அவர் பக்கம் திரும்பாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி அமலுக்கு வந்தது. வணிகப் பரிவர்த்தனை தொடர்பான தனிநபர் விவரங்களுக்கு அது பொருந்தும். லிட்டில் இந்தியாவில் கடை நடத்துபவரும், பட்டர்வொர்த்தில் டியூஷன் மையம் வைத்திருப்பவரும் வாடிக்கையாளர் பட்டியலை விரிதாளில் வைத்திருந்தால், அதைப் பாதுகாப்பது அவர்களின் சட்டக் கடமை. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் கடுமையான தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

வேலையை விட்டுச் சென்ற ஊழியரின் பெயர் இன்னும் கோப்பில் இருக்கிறதா என்பதை முதலாளிகள் முதலில் பார்க்க வேண்டும். வணிகம் செய்யாத சங்கங்களும், உறுப்பினர்கள் தங்களை நம்பித்தான் இந்த விவரங்களைக் கொடுத்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

கடைசியாக ஒரு சோதனை

எல்லாம் முடிந்ததும் இணைப்பை நகலெடுத்து, கூகுள் கணக்கில் நுழையாத மறைநிலைச் சாளரத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். கணக்கில் நுழையச் சொன்னால் வாசல் மூடிவிட்டது. பட்டியல் நேராகத் திறந்தால் 'ஜெனரல் அக்செஸ்' பகுதிக்கு மீண்டும் போக வேண்டும்.

பட்டியலில் உள்ள யாருக்காவது மோசடி அழைப்பு வந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஆண்டுக் கூட்டத்தின் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் காசோலைப் புத்தகம், முத்திரை, சாவி ஆகியவற்றுக்குக் கீழே 'விரிதாள் அனுமதி' என்று இன்னொரு வரியைச் சேர்த்துவிட்டால், அடுத்த ஆண்டு யாரும் இதை நினைவுபடுத்த வேண்டியிருக்காது.